புதிய கொண்டோவின் தரைமாடி: கடையும் பொதுக்கலையும் சரியாக அமைய என்ன செய்யலாம்? (ரொறன்ரோவுக்கான முழு வழிகாட்டி)

நான் குடியிருக்கும் கட்டிடத்தின் மூலைக்கடை, நாங்கள் குடிவந்து மூன்று வருடமாகியும் திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் வெயிலில் வெளிறி ஓரமெல்லாம் சுருண்டது. அதன் மேலேயே இன்னொரு காகிதத்தை ஒட்டினார்கள். நடுவில் எனக்குத் தெரிந்த ஒருவர், அங்கே இடியப்பம், கொத்துரொட்டி, வடை போடலாம் என்று வந்தார். வாடகை பேசி முடிந்தது. கையெழுத்துக்கு முதல்நாள், சமையலறை போடுகிறவரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டினார். அவர் அண்ணாந்து பார்த்தார், பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். "அண்ணை, புகை எங்கால போறது?" என்று கேட்டார். அத்தோடு கதை முடிந்தது. புகைக்குழாய் மேலே போக வழியே விடாமல் கட்டியிருந்தார்கள். மேலே நாற்பதுக்கு மேற்பட்ட மாடிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். இனி யாருடைய படுக்கையறையைத் துளைத்துக் குழாய் கொண்டுபோவது?

பிறகு பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கட்டுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மாநகரசபையின் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கக் கிடந்த வரைபடம் அது. அந்தக் குறை அதிலேயே தெரிந்தது. யாராவது ஒருவர் அப்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். டவுன்டவுனில் எழும் ஒவ்வொரு கொண்டோவின் (தனித்தனி வீடுகளாக விற்கும் அடுக்குமாடிக் கட்டிடத்தின்) தரைமாடியும், மேலே குடியிருக்கிறவர்களை விட, கீழே நடந்து போகிறவர்களுக்கே அதிகம் சொந்தம். அங்கே வரும் கடையும், வாசலில் நிற்கும் சிற்பமும் மண் தோண்டுவதற்கு வெகுமுன்னரே காகிதத்தில் முடிவாகிவிடுகின்றன. அயலில் வசிப்பவர், வீடு வாங்க நினைப்பவர், கடை போட நினைப்பவர் ஆகிய மூவரும் எந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். சட்டங்கள், விதிகள் எல்லாம் ரொறன்ரோவுக்கும் ஒன்ராறியோவுக்கும் உரியவை.

படி 1: அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்

ஒரு காணியில் புதுக் கட்டிடத்துக்கு விண்ணப்பம் போனதும், வேலியோரம் பெரிய பலகை ஒன்று வரும். கட்டிடத்தின் படம், எத்தனை மாடி, எத்தனை வீடு, பொறுப்பான திட்டமிடல் அலுவலரின் தொடர்பு எல்லாம் அதில் இருக்கும். கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முக்கியம், விண்ணப்ப எண். அதன் கடைசி இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள். 'ஓஸெட்' என்றால் ஸோனிங் (காணியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்ற விதி) மாற்றம் கேட்கும் விண்ணப்பம். 'எஸ்ஏ' என்றால் அதற்கு அடுத்த கட்டமான தள வரைபட ஒப்புதல். பொதுமக்கள் கூட்டமும் சபை வாக்கெடுப்பும் முதலாவதற்குத்தான். இரண்டாவதை 2022 முதல் அலுவலர்களே தீர்மானிக்கிறார்கள். எனவே 'ஓஸெட்' கட்டத்திலேயே வாய் திறக்க வேண்டும்.

சபையின் முறையான கூட்டத்துக்கு 120 மீற்றருக்குள் உள்ள சொத்து உரிமையாளர்களுக்கு அறிவித்தல் வரும். நீங்கள் அதற்கு வெளியே இருந்தாலும் கவலையில்லை. பலகையில் உள்ள அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இந்த விண்ணப்பத்தின் அறிவித்தல்களை எனக்கும் அனுப்புங்கள்" என்று கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

படி 2: தரைமாடி வரைபடத்தை எடுத்து, நிதானமாகப் பாருங்கள்

சபையின் இணையத்தளத்தில் 'அப்ளிகேஷன் இன்ஃபர்மேஷன் சென்டர்' என்ற பகுதியில் முகவரியைப் போட்டால் கோப்புகள் வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். கட்டிட வரைபடங்களில் தரைமாடித் தாள், தெருப்பக்கத்து முகப்புத் தாள், காற்று ஆய்வு (இருந்தால்) ஆகிய மூன்றும் போதும்.

தரைமாடித் தாளை முடிந்தால் பெரிய காகிதத்தில் அச்செடுத்து, மூன்று நிறப் பென்சில் எடுங்கள். கடைகளுக்கு ஒரு நிறம், கொண்டோ லொபிக்கு ஒரு நிறம், மீதி எல்லாவற்றுக்கும், அதாவது பார்க்கிங் வாசல், குப்பையறை, மின்சார அறை, லொறி நிற்குமிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நிறம். தெருவோரக் கோட்டில் எந்த நிறம் கூடுதலாக விழுகிறது என்று பாருங்கள். விளம்பரப் படத்தில் தெரு முழுக்கக் கடை போலிருக்கும். நிறம் தீட்டினால், தெருவின் பாதியை லொபியும் பார்க்கிங் வாசலும் தின்றிருப்பது தெரியவரும்.

அடுத்து உயரம். ரொறன்ரோவின் 569-2013 ஸோனிங் விதியில், கடையும் வீடும் கலந்த வலயங்களில் தரைமாடியின் குறைந்தபட்ச உயரம் 4.5 மீற்றர். காற்றோட்டக் குழாய், தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் குழாய் எல்லாம் கூரைக்குக் கீழேதான் ஓடும். அவற்றைக் கழித்துவிட்டால் கடைக்காரருக்கு மிஞ்சுவது மூன்றரை மீற்றர் அளவில்தான். அதற்கும் குறைத்துக் கட்ட விதிவிலக்குக் கேட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிறகு அகலமும் ஆழமும். குயின் வீதி மேற்கில் பழைய கடைகளின் முன்பக்கம் ஐந்தாறு மீற்றர்தான். ஒரு தையல்காரர், ஒரு புத்தகக்கடை, ஒரு பேக்கரி என்று சின்ன வியாபாரங்கள் தலையெடுக்க அந்த அளவுதான் பொருத்தம். புதுக் கட்டிடத்தில் முப்பது மீற்றர் முகப்பையும் ஒரே கடையாக வரைந்திருந்தால், அந்த வாடகை தாங்கக்கூடியவர்கள் யாரென்று நமக்கே தெரியும்: வங்கி, பெரிய மருந்தகம், சங்கிலிக் கடை. "இதை நாலாகப் பிரிக்கலாமா? பிரித்தால் நாலுக்கும் தனிக் கதவு, தனித் தண்ணீர் இணைப்பு, தனி மின்மானி வைக்க இடமிருக்கிறதா?" என்று கேளுங்கள். பின்னாளில் சுவர் போட்டுப் பிரிப்பது சுலபம். கான்கிரீட் தளம் போட்ட பிறகு நாலு இடத்தில் கழிவுநீர்க் குழாய்க்குத் துளையிடுவதுதான் பெருஞ்செலவு.

ஆழமும் அப்படியே. கோபுரத்தின் நடுவில் லிப்ட், படிக்கட்டு, பின்னால் பார்க்கிங் சரிவு என்று எல்லாம் வந்தபின் கடைக்கு ஆறேழு மீற்றர் ஆழம்தான் மிஞ்சியது என்றால், முன்னால் மேசை போட்டால் பின்னால் களஞ்சியத்துக்கு இடமிராது. தூண்கள் எங்கே விழுகின்றன என்றும் பாருங்கள். மேலே உள்ள வீடுகளின் சுவர்களுக்கு வசதியாகத் தூண் வைத்துவிட்டு, அது கடைக் கதவுக்கு நேர் முன்னால் வந்து நிற்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

இனி, நான் தொடங்கிய விஷயம். புகைக்குழாய். எண்ணெய்ச் சமையல் செய்யும் கடைக்குத் தனிப் புகைக்குழாய் வேண்டும். தீப்பிடிக்காத உறையோடு அது கூரைவரை போக வேண்டும், அல்லது குறைந்தது அடிமேடையின் (கோபுரத்துக்குக் கீழே அகலமாக இருக்கும் சில மாடிகளின்) கூரைக்காவது போய், வடிகட்டும் இயந்திரத்தின் வழியாக வெளியேற வேண்டும். வரைபடத்தில் கடைக்குப் பின்னால் குறுக்குக் கோடு போட்ட சிறு சதுரம் இருந்து, அதே சதுரம் இரண்டாம், மூன்றாம் மாடித் தாளிலும் அதே இடத்தில் இருந்தால், வழி விட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்: "குறைந்தது ஒரு கடைக்காவது சமையல் புகைக்குழாய்க்கு இடம் ஒதுக்குவீர்களா? எண்ணெய்ப் பொறிக்கு (கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டிக்கு) இடம் எங்கே?" எங்கள் ஆட்களின் முதல் தொழில் பெரும்பாலும் சாப்பாட்டுக்கடை. இந்தச் சதுரம் இல்லாத கட்டிடத்தில் எங்களுக்குக் கடையில்லை.

கடைசியாக, சாமான் எப்படி உள்ளே வருகிறது என்று பாருங்கள். குப்பை லொறிக்கான 'ஜி' வகை நிறுத்துமிடம் எல்லாப் பெரிய கட்டிடத்திலும் இருக்கும். கடைக்காரரின் அரிசி மூட்டையும் மரக்கறிப் பெட்டியும் அங்கேதான் இறங்குமா? அங்கிருந்து கடையின் பின்கதவுக்கு உள்வழியாகப் பாதை உண்டா, அல்லது நடைபாதை வழியாகச் சுற்றித் தள்ளிவர வேண்டுமா? விரலால் அந்த வழியை வரைபடத்தில் ஓட்டிப் பாருங்கள். விரல் சுவரில் முட்டினால் அது ஒரு கேள்வி.

படி 3: அளவுநாடாவோடு இடத்துக்குப் போங்கள்

காகிதம் போதாது. ஒரு சனிக்கிழமை பகலில் அந்தத் தெருவில் நடந்து, நூறு மீற்றருக்குள் எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணுங்கள். டென்மார்க் கட்டிடக்கலைஞர் யான் கெல், நூறு மீற்றருக்குப் பதினைந்து முதல் இருபது கதவுகள் உள்ள தெருவைத்தான் உயிருள்ள தெரு என்று வகுத்தார். உங்கள் தெருவில் இப்போது பதினான்கு கதவு இருந்து, புதுக் கட்டிடம் வந்தபின் ஐந்தாகக் குறையும் என்றால், அந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். கூட்டத்தில் இதைவிடத் தெளிவான வாதம் கிடையாது.

நடைபாதையையும் அளந்து பாருங்கள். உயர் கட்டிடங்களுக்கான நகர வழிகாட்டி, கட்டிடச் சுவரிலிருந்து வீதியோரம்வரை குறைந்தது 6 மீற்றர் கேட்கிறது. மரம், சைக்கிள் நிறுத்தம், ஸ்ட்ரோலர் தள்ளும் தாய், கடை வாசலில் நாலு கதிரை எல்லாம் அந்த ஆறுக்குள்தான்.

காற்று ஆய்வில் கதவுகள் உள்ள இடங்களைத் தேடுங்கள். உயரக் கட்டிடத்தில் மோதும் காற்று சுவரோடு இறங்கி மூலையில் சுழலும். மாசி மாதத்தில் அந்த மூலையில் நின்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடைக் கதவுக்கு நேரே 'நடக்கச் சிரமம்' என்று ஆய்வே சொல்லியிருந்தால், கதவை நகர்த்தவோ மேல்மறைப்பு வைக்கவோ கேட்கலாம்.

படி 4: கடைகள் யாருக்குச் சொந்தமாகப் போகின்றன?

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பத்து வருடம் கழித்துத் தெரு எப்படியிருக்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஒரு வழி, கட்டியவரோ ஒரு வணிக நிறுவனமோ எல்லாக் கடைகளையும் ஒன்றாக வைத்திருந்து வாடகைக்கு விடுவது. மற்றது, ஒவ்வொரு கடையையும் வீடு போலத் தனித்தனியாக முதலீட்டாளர்களுக்கு விற்பது.

முதல் வழியில், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று ஒருவர் யோசிக்கிறார். ஒரு நல்ல பேக்கரியைக் கொண்டுவர ஆறு மாத வாடகையை விட்டுக்கொடுக்கவும் அவரால் முடியும். இரண்டாவதில் ஆளுக்கொரு கணக்கு. யங், ஜெரார்ட் சந்தியில் உள்ள ஆரா கட்டிடத்தின் நிலத்தடிக் கடைகளைப் பாருங்கள். சின்னச் சின்ன அலகுகளாகத் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. மேலே எழுபதுக்கு மேற்பட்ட மாடிகளில் இத்தனை சனம் வசித்தும், கீழே பல கடைகள் நெடுநாள் ஆளில்லாமல் கிடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கடை என்பதும் ஒரு காரணம். என்னைக் கேட்டால், தெருமட்டத்தில் நாலு சின்னக் கடை இருப்பது நிலத்தடியில் நாற்பது இருப்பதைவிட மேல்.

படி 5: கலைக்கு எவ்வளவு பணம், எந்த இடம், யார் பொறுப்பு?

ரொறன்ரோவின் நகரத் திட்டம், பெரிய தனியார் கட்டிடங்கள் மொத்தக் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைப் பொதுக்கலைக்கு ஒதுக்க ஊக்குவிக்கிறது. கட்டுமானம் 10 கோடி டொலர் என்றால் கலைக்கு 10 லட்சம் டொலர். அதைக் கட்டுபவர் தன் காணியிலேயே செலவிடலாம், அல்லது சபையிடம் கொடுத்து அயலில் உள்ள பூங்காவிலோ சந்தியிலோ வைக்கச் சொல்லலாம், அல்லது இரண்டையும் கலக்கலாம். காணியிலேயே வைப்பதென்றால், எங்கே, எவ்வளவு செலவில், எப்படிக் கலைஞரைத் தேர்வது என்ற திட்டத்தை எழுதி, ரொறன்ரோ பொதுக்கலை ஆணையத்தின் கருத்தைப் பெற வேண்டும்.

ஒரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு உயரம் கூட்டிக் கொடுப்பதற்குக் கைமாறாகச் சபை கட்டிடக்காரரோடு பேரம் பேசும்போது கலையையும் சேர்த்துக் கேட்கும். 2022 ஆகஸ்ட் 15 முதல் அந்த முறைக்குப் பதிலாக, குறைந்தது ஐந்து மாடியும் பத்து வீடும் உள்ள கட்டிடங்களுக்குக் காணி மதிப்பில் 4 சதவீதத்துக்கு மிகாத சமூகநலக் கட்டணம் வந்திருக்கிறது. அந்த ஒரு பணப்பைக்குள் எத்தனையோ தேவைகள் போட்டியிடுகின்றன. கலை தானாக வந்துவிடும் என்று இருந்துவிட முடியாது, கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன், ஏற்கனவே நிற்பவற்றைப் போய்ப் பாருங்கள். ஒரே நாளில் நடந்தும் ஸ்ட்ரீட்காரிலும் முடித்துவிடலாம்.

யூனிவர்சிட்டி அவெனியூவில் ஷங்ரிலா கட்டிட வாசலில் சீனக் கலைஞர் ஜாங் ஹுவானின் 'ரைசிங்' நிற்கிறது, 2012இல் வைத்தது. முறுக்கி வளைந்த மரம், அதில் கூட்டம் கூட்டமாகப் புறாக்கள், எல்லாம் துருப்பிடிக்காத எஃகில். பதர்ஸ்ட், ஃபிளீட் சந்தியில் டக்ளஸ் கூப்லண்டின் 1812 போர் நினைவுச்சின்னம், 2008. பிள்ளைகள் விளையாடும் பொம்மைச் சிப்பாய்கள் இரண்டு, பல மீற்றர் உயரத்தில். பொன்னிறத்தவர் நிமிர்ந்து நிற்க, வெள்ளி நிறத்தவர் விழுந்து கிடக்கிறார். 511 ஸ்ட்ரீட்காரில் போகிற பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அதைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். பின்னால் இருக்கும் கொண்டோவின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தச் சந்தி தெரியும். அதே கூப்லண்ட், சிட்டிபிளேஸ் கோபுரங்களின் நடுவே உள்ள கனூ லாண்டிங் பூங்காவில் ஒரு பெரிய சிவப்புத் தோணியை வைத்தார். ஏறி நின்றால் கார்டினர் நெடுஞ்சாலைக்கு மேலால் ஏரிப்பக்கம் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது யூனியன் ஸ்டேஷனுக்கு அருகே 18 யங் வீதி கொண்டோவின் முன்னால் உள்ளது. டொம் ஒட்டர்னெஸ் 2007இல் வெண்கலத்தில் செய்த 'இமிக்ரன்ட் ஃபாமிலி'. பெட்டிகளோடு வந்திறங்கிய ஒரு குடும்பம், உருண்டைத் தலைகளும் கட்டைக் கைகால்களுமாக. முதன்முறை என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, அந்தப் பெட்டியைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "நாங்கள் வந்ததும் இப்பிடித்தான், ஒரு பெட்டியோட" என்றார். செயின்ட் ஜேம்ஸ் டவுனில் பதினாறாம் மாடியில் அந்தப் பெட்டியைத்தான் முதல் ஒரு மாதம் மேசையாக வைத்திருந்தோம்.

இந்த நாலையும் பார்த்தால் ஒன்று பிடிபடும். கிட்டப் போகவும் தொடவும் முடிகிற இடத்தில், நடக்கிறவர்களின் பாதையிலேயே இருக்கும் கலைதான் ஊரோடு ஒட்டிக்கொள்கிறது. லொபிக் கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் விலையுயர்ந்த பொருள் பொதுக்கலையல்ல, அது வரவேற்பறை அலங்காரம். இன்னொன்றும் நடக்கும்: பார்க்கிங் வாசலுக்குப் பக்கத்து வெற்றுச் சுவரில் ஓவியம் ஒன்றை ஒட்டிவிட்டு, சுவர்ப் பிரச்சினையும் கலைப் பிரச்சினையும் ஒரேயடியாகத் தீர்ந்தது என்பார்கள். அந்தச் சுவரை ஏன் வெறுமையாக விட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கலையைக் கொண்டு தெருவின் குறையை மூடக்கூடாது.

கேட்க வேண்டியவை இவை. சிற்பம் வரைபடத்தில் எந்தப் புள்ளியில்? கடையின் பெயர்ப்பலகையும் கோடைக்கால மேசைகளும் வந்தபின்னும் அது தெரியுமா? பனி வழிக்கிற வண்டியும் உப்பும் படும் இடமா? இரவு வெளிச்சம் உண்டா? கீழே நிலத்தடிப் பார்க்கிங் இருந்தால், சிற்பத்தின் பாரத்தைத் தாங்கத் தளத்தைப் பலப்படுத்தியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் கலைஞரைப் பிந்தித் தேர்ந்தெடுத்தால், கான்கிரீட் போட்டு முடிந்திருக்கும். தளம் தாங்குகிற அளவுக்குக் கலையைச் சுருக்க வேண்டிவரும். இன்னும் பல வருடம் கழித்துப் பார்க்கிங் கூரையின் நீர்த்தடுப்புப் படலத்தை மாற்றும்போது சிற்பத்தைத் தூக்கி எடுத்து, திரும்ப வைக்க வேண்டும். கிரேன் செலவு குடியிருப்பாளர் தலையில்.

ஏனென்றால் காணியில் வைத்த கலையின் பராமரிப்பு உரிமையாளருடையது, அதாவது நாளடைவில் கொண்டோ கூட்டுத்தாபனத்துடையது (வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு). கலைத் திட்டத்திலேயே பராமரிப்புக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கலைஞர் எழுதிய பராமரிப்புக் குறிப்பையும், எந்த உலோகம், எந்தப் பூச்சு, எதைக்கொண்டு கழுவலாம் என்பதோடு, கட்டிடத்தை ஒப்படைக்கும்போது சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

படி 6: கூட்டத்தில் ஐந்து நிமிடம்

முதலில் அலுவலர்களும் நகரசபை உறுப்பினரும் நடத்தும் சமூகக் கலந்தாய்வு. பெரும்பாலும் ஸூமில். அங்கே எல்லோரும் உயரம், நிழல், போக்குவரத்து என்றுதான் பேசுவார்கள். தரைமாடி பற்றி ஒருவர் எழுந்து குறிப்பாகக் கேட்டால், கட்டிடக்கலைஞரே நிமிர்ந்து உட்காருவார். அது அவர்கள் மாற்றித்தரக்கூடிய விஷயம். நாலு மாடி குறைக்கச் சொன்னால் முகம் மாறும், ஒரு புகைக்குழாய்க்கும் இரண்டு கதவுக்கும் இடம்கொடுப்பார்கள்.

அடுத்து, டவுன்டவுன் என்றால் ரொறன்ரோ–கிழக்கு யோர்க் சமூகசபையின் (அப்பகுதி நகரசபை உறுப்பினர்களின் குழு) முறையான கூட்டம். செயலகத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்தால் வழக்கமாக 5 நிமிடம் பேசலாம். எழுத்திலும் அனுப்பலாம், இரண்டையும் செய்யுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். நிறம் தீட்டிய தாளை இணைத்து, கதவு எண்ணிக்கையைப் போட்டு, "இந்தப் பக்கத்தில் குறைந்தது இத்தனை தனிக் கதவு என்று ஸோனிங் விதியிலேயே எழுதுங்கள்" என்று கேளுங்கள். விதியில் எழுதினால்தான் கட்டிடம் கைமாறி வேறு நிறுவனம் கட்டினாலும் நிற்கும். வாய்மொழி வாக்கு நிற்காது.

2024 ஜூனில் வந்த மாகாணச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஸோனிங் முடிவை எதிர்த்து ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்கு அயலவர்கள் மேன்முறையீடு செய்ய முடியாது. இந்த ஐந்து நிமிடத்தை விட்டால் வேறில்லை.

படி 7: வீடு வாங்குகிறவர்களுக்கு

கட்டுமுன் விற்கும் கொண்டோவுக்குக் கையெழுத்திட்டால், ஒன்ராறியோவில் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களில் வெளிப்படுத்தல் அறிக்கையை (கட்டிடம் பற்றிக் கட்டுபவர் தரும் விவர ஆவணம்) வழக்கறிஞரிடம் கொடுத்து, வீட்டைப் பற்றி மட்டுமல்லாமல் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: கடைகள் கொண்டோ கூட்டுத்தாபனத்துக்குள்ளா, வெளியே தனிக் காணியா? பொதுவான செலவுகளைப் பகிரும் ஒப்பந்தத்தில் கடைக்காரர் பங்கு எவ்வளவு? சிற்பம் யாருடைய சொத்து?

பழைய கொண்டோ வாங்குகிறவர்கள், கூட்டுத்தாபனத்தின் நிதிநிலையைச் சொல்லும் நிலைச் சான்றிதழ் கேட்கலாம். கட்டணம் 100 டொலருக்கு மேல் போகாது, 10 நாட்களுக்குள் தர வேண்டும். அதோடு வரும் சேமநிதி (பெரிய திருத்த வேலைகளுக்கான சேமிப்பு) விவரங்களில் கலைப் பராமரிப்பு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: கடை எடுக்கிறவர்களுக்கு

விளம்பரத்தில் போடும் வாடகை முழு வாடகையல்ல. சதுர அடிக்கு, வருடத்துக்கு என்று சொல்லும் அந்தத் தொகைக்கு மேல் 'ரிஎம்ஐ' வரும்: சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதி. உதாரணக் கணக்கு ஒன்று போடுவோம். 1,000 சதுர அடி, வாடகை 45 டொலர், ரிஎம்ஐ 20 டொலர். வருடத்துக்கு 65,000. அதற்கு 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி 8,450. ஆக மொத்தம் 73,450, மாதம் 6,120 டொலருக்குச் சற்று மேல். எச்எஸ்டிக்குப் பதிந்த வியாபாரமென்றால் அந்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் மாதாமாதம் கையிலிருந்து போக வேண்டிய காசு அது.

வீட்டு வாடகைக்கு உள்ள பாதுகாப்பு கடைக்குக் கிடையாது. வாடகை உயர்வுக்கு வரம்பில்லை. தவணை தவறினால், 16ஆம் நாளில் பூட்டை மாற்ற உரிமையாளருக்குச் சட்டம் இடம்கொடுக்கிறது. புதுக் கட்டிடத்தில் கடை பெரும்பாலும் வெறும் கான்கிரீட் கூடாகத்தான் கையில் வரும். தரையும் கூரையும் கழிப்பறையும் நீங்களே போட வேண்டும். அதனால் வேலை முடியும்வரை வாடகை இல்லாத காலத்தைப் பேசி எழுதி வாங்குங்கள். கொண்டோவின் பிரகடனத்தை (அதன் அடிப்படை விதிகள் உள்ள பத்திரம்) கேட்டு வாங்கி, 'சமையல் கூடாது', 'மணம் வரக்கூடாது' போன்ற வாசகங்கள் உண்டா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். தாளிக்கிற கடைக்கு அந்த ஒரு வரி போதும், எல்லாம் முடிந்துவிடும். சமையலறை போடுகிறவரை முதல்நாளே கூட்டிப்போங்கள், கடைசி நாளில் அல்ல.

வாசலில் சிற்பம் இருந்தால் இன்னொரு விஷயம். அதில் விளம்பரத் துணி கட்டலாம், பண்டிகைக்கு மின்விளக்குச் சுற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஈட்டன் சென்டரில் மைக்கேல் ஸ்னோ செய்த 60 கனடா வாத்துகள் கூரையிலிருந்து பறப்பதுபோல் தொங்குகின்றன. நத்தாருக்கு அவற்றின் கழுத்தில் சிவப்பு ரிபன் கட்டினார்கள். ஸ்னோ நீதிமன்றம் போனார். 1982இல் ரிபன்களை அவிழ்க்கும்படி தீர்ப்பு வந்தது. கலையை வாங்கியவருக்கும் அதை மாற்ற உரிமையில்லை, கலைஞரின் தார்மீக உரிமை, அதாவது தன் படைப்பைச் சிதைக்க விடாத உரிமை, கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் நிற்கிறது. இந்தத் தீர்ப்பை எங்கள் கொண்டோ நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டி வந்தது.

படி 9: குடிவந்த முதல் வருடம்

கொண்டோ பதிவான ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையில், பொதுப் பகுதிகளின் குறைகளைக் கண்டுபிடிக்க ஒரு பொறியியலாளரையோ கட்டிடக்கலைஞரையோ நிர்வாகக் குழு அமர்த்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பலர் லிப்ட், கூரை, பார்க்கிங்கோடு நிறுத்திவிடுவார்கள். சிற்பத்தின் அடித்தளம், அதைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா, தரைவிளக்குகள் எரிகின்றனவா, கடை முன்பகுதியின் மேல்மறைப்பு ஒழுகுகிறதா என்பவற்றையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு மழைநாளிலும், முதல் பெரும்பனி விழுந்த மறுநாளிலும் கட்டிடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, கண்டதைத் திகதியோடு படமெடுத்து வையுங்கள். எங்கள் மூலைக்கடைக்கு முன்னால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கதவுக்கு நேரே, காலடி வைக்கிற இடத்தில். பொறியியலாளரின் அறிக்கையில் அது 43ஆம் உருப்படி. வசந்தத்தில் வந்து சரிசெய்தார்கள். அந்தக் கடையில் இப்போது ஒரு பூக்கடை இருக்கிறது. அவர்களுக்குப் புகைக்குழாய் தேவையில்லை.